கூடாரத்தை அளந்த கை

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கண்ணாடியை ஒரு தரம் துடைத்துக்கொண்டு இதை வாசிக்க உட்கார்ந்திருப்பீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால் நான் சொல்வதில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்தப் பாதியைத் தாண்டிப் படியுங்கள்.

நான் ஓரிடத்தில் தங்கினவள் இல்லை. தாப்பாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். மலையில் கோஸ் அறுத்தேன். தெலுக் இந்தான் சந்தையில் மீனுக்குச் செதில் எடுத்தேன். இப்போது ஈப்போவில் ஓர் அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருக்கிறேன். லிப்ட் ஓடாத நாளில் கீழே இறங்குவதில்லை. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றுபோனது. படிப்பு வராமல் இல்லை. நாங்கள் தோட்டம் மாறிக்கொண்டே இருந்தோம். புதுப் பள்ளியில் பெயர் பதிந்து, பெஞ்சில் யார் பக்கத்தில் உட்காருவது என்று முடிவாவதற்குள் லோரி வந்து நிற்கும். சட்டி பானை, கோழிக்கூடை, அப்பாவின் ஆயுதப் பெட்டி, அதன்மேல் நான்.

காரணம் அப்பாதான். அவர் தோட்டத்துத் தச்சர். லயத்து வரிசை வீடுகளின் கதவு, மாட்டுக் கொட்டகை, பாலம், சவப்பெட்டி எல்லாம் அவர் வேலை. கை சுத்தம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்ய அவருக்கு வராது. ஒரு தோட்டத்தில் துரை பங்களாவுக்கு நேர்ப் படிக்கட்டு போடச் சொன்னார்கள். அப்பா நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டினார். துரைசானிக்கு முட்டி வலி, நேர்ப்படியில் இறங்க முடியாது என்று அவரே கண்டுபிடித்திருந்தார். துரைசானிக்கு அந்தப் படி பிடித்துத்தான் போனது. துரைக்கு, தன்னைக் கேட்காமல் ஒருவன் மாற்றினான் என்பது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் லோரி. இன்னொரு தோட்டத்தில் கோழிக்கூண்டு கேட்ட கங்காணிக்கு இரட்டை மாடி கட்டிக்கொடுத்து, அது ஏன் நல்லது என்று அவருக்கே பாடம் நடத்தி, வாய்ச்சண்டையில் முடித்தார். மறுபடி லோரி. பெரியவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். இன்று யோசித்தால், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது. அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

கோப்பெங்குக்குத் தெற்கே இருந்த அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் வந்தபோது, தோட்டத்துக் கணக்கரான கிராணி அப்பாவை ஆபீஸ் வாசலில் நிறுத்திப் பேசினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், எங்கள் சிறிய சபைக்கு மூப்பரும் அவர்தான்.

"இஞ்ச பாரும் தச்சர். நான் சொல்லித்தான் துரை உம்மை எடுத்தவர். இனி ஆரோடயாவது வாய்த்தர்க்கம் எண்டு என்ர காதுக்கு வந்தா, பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?"

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "இந்தத் தடவையாச்சும் வாயை மூடிக்கிட்டு, சொன்னதைச் செஞ்சிட்டு வாங்க. இன்னொரு தடவ லோரில ஏற எனக்குத் தெம்பு இல்ல."

"நான் என்ன வேணும்னா செய்யறேன்? கண்ணுக்குத் தப்பாத் தெரியுது. திருத்தறேன்."

"திருத்துங்க. திருத்திட்டு எந்த வீட்டுல போயிப் படுக்கறது?"

அம்மா பின்பக்கம் கத்திரிக்காய் நட்டிருந்தாள். அது பூவிட்டிருந்தது. காய் பறிக்கும்வரை அவள் ஒரு தோட்டத்திலும் இருந்ததில்லை.

அந்தத் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கைவிரலால் எண்ணிவிடும் அளவுதான். மற்றவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள். அவர்கள் திருவிழாவில் நாங்களும் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்போம். எங்களுக்கென்று கோயில் கட்டடம் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயா கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அங்கேதான் ஆராதனை. தொட்டில் கயிறுகளை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, பால் புளித்த வாசனைக்கு நடுவில் ஜெபிப்போம். கோப்பெங்கிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். ஒல்லியான மனிதர், சட்டைக் கை எப்போதும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும், அவ்வளவு நீளமான கைகள்.

ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் அது. காடு முழுக்கச் செம்பு நிறமாகி, பிறகு ஒரு காற்றில் மொட்டையாகிவிடும். பால் குறைந்து, வேலையும் குறையும். அந்த வாரங்களில் உபதேசியார் மோசே வனாந்தரத்தில் தேவனுக்குக் கூடாரம் கட்டிய அதிகாரங்களை வாசித்து வந்தார். இத்தனை முழம் திரை, இத்தனை முழம் பலகை என்று வரும் பகுதி. மற்ற ஊர்களில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் ஒரு வரி விடாமல் வாசித்தார். பெண்கள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டும் கேட்டார்கள்.

அப்பா வழக்கமாக வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார்.

"பெசலெயேல்னு ஒருத்தன் இருந்தான்" என்றார் உபதேசியார். "கைவேலைக்காரன். கர்த்தர் அவனைப் பேர் சொல்லி அழைச்சார். தம்முடைய ஆவியை அவனுக்குள்ள ஊத்தினார்."

"பிரசங்கம் பண்ணவா?" என்றார் அப்பா, பின்னாலிருந்து. சபையில் நடுவில் பேசுவது வழக்கமில்லை. கிராணி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல. மரம் செதுக்க. கல்லுப் பதிக்க. அதுக்குத்தான் ஊத்தினார்."

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு யாரும் இதுவரை சொல்லாத செய்தி அது. உளி பிடிக்கும் கைக்குள் தேவனுடைய ஆவி இறங்கும் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்?

"அவன் என்ன மாத்திச் செஞ்சான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தல. சொன்னபடியே செஞ்சான். அதத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கு."

"ஒண்ணுமே மாத்தலயா? அப்புறம் அவ்வளவு புத்தி அவனுக்கு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த வசனத்துக்குப் போனார். அவருக்குப் பதில் தெரியவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஆராதனை முடிந்து வரும்போது, "தச்சண்ணே உபதேசியாரை மடக்கிட்டாருலா" என்று மண்டோர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மண்டோர் என்றால் வேலைக்காட்டை மேற்பார்க்கிறவர். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஆயா கொட்டகையைக் கறையான் தின்றுவிட்டது என்று தோட்ட நிர்வாகம் அதைப் பிரித்தது. குழந்தைகளுக்கு லயத்துக் கடைசி வீட்டை ஒதுக்கினார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு ஈப்போவிலிருந்து போதகர் வந்து நற்கருணை கொடுக்க வேண்டும். அவர் வருவதே வருடத்தில் எப்போதாவதுதான்.

"கூடாரம் போடுவோம்" என்றார் உபதேசியார். "வேதத்துல அளவு இருக்கு. ஆளும் இருக்கு." அப்பாவைப் பார்த்தார்.

அப்படித்தான் அது தொடங்கியது. பிரித்த கொட்டகையின் உத்திரங்களைக் கிராணி துரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கறையான் தொடாத காட்டு மரம், கறுத்து இரும்பு போலிருந்தது. பந்து விளையாடும் இடத்தின் ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். பத்துத் திரைகள் தேவை. பத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்று தைப்பது என்று பேசி முடித்தார்கள்: இருபத்தெட்டு முழ நீளம், நாலு முழ அகலம். துணி? மாவுச் சாக்கை வெளுத்துப் பிரித்தார்கள், பழைய வேட்டி, கல்யாணமான வருடத்துப் புடவை, எது கிடைத்ததோ அது. நீல நிறத்துக்குச் சலவை நீலம். ஊதாவுக்கு, வயிற்றுப்போக்கு மருந்தென்று எல்லா வீட்டிலும் காயவைத்திருந்த மங்குஸ்தான் தோலை அடுப்பில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். அது ஊதாவாக வரவில்லை. பழைய ரத்தக்கறை நிறத்தில் வந்தது. "வனாந்தரத்துல இதுதான் ஊதா" என்று பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்து ஸ்திரீகள் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டி செய்தார்கள் என்று உபதேசியார் சொன்னபோது மட்டும் மண்டோர் சம்சாரம் எழுந்துவிட்டார். "அதை மட்டும் எங்ககிட்ட கேட்டுப்புடாதீங்க. இருக்கறதே கையகலம்."

அப்பாவும் உபதேசியாரும் முதல் நாளே உரசிக்கொண்டார்கள். வேதத்தில் சொன்ன சீத்திம் மரம் இந்த நாட்டில் இல்லை. இருப்பதை வைத்துக் கட்டலாம் என்றார் உபதேசியார். ஆட்டுமயிர்த் திரைக்குப் பதில் மேலே அத்தாப்புக் கீற்றுப் போடலாம் என்றார்.

"நீங்க மாத்தலாம். நான் மாத்தக் கூடாதா?" என்றார் அப்பா.

"இல்லாததுக்கு மாத்து வைக்கறது வேற. இருக்கறதை மாத்தறது வேற."

வாசலுக்கு வரும் ஐந்து தூணும் பூவேலை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். வேதத்தில் அந்தத் தூண்களுக்குப் பூ சொல்லவில்லை. அப்பா தலையாட்டினார். பிறகு தூண் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ செதுக்கினார். ஐந்து இதழ், நடுவில் மணிமணியாகத் தண்டு. செம்பருத்தி போல இருந்தாலும் செம்பருத்தி இல்லை. இதழ் ஓரம் இவ்வளவு மெல்லியதாக அந்தக் கறுப்பு மரத்தில் வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர் செதுக்கும்போது நான் சுருள் சுருளாக விழும் சீவலைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொள்வேன். அதில் மிளகு வாசனை வரும்.

உபதேசியார் அடுத்த வாரம் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஓர் இதழைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுப் பக்கம் போனார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. நான் பள்ளிக்கூடப் பையில் இருந்த சிலேட்டை எடுத்து, பையை உதறி, மடித்து வைத்துவிட்டேன். பழகிப்போன வேலை.

அம்மாவுக்கு ஸ்டோரில் வேலை, ரப்பர் பாலை உறைய வைக்கும் இடத்தில். அந்த மாதம் ஆசிட் தெறித்து அவள் வலக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிருந்தது. கட்டுப் போட்டிருந்தார்கள். சம்பளத்தோடு லீவு என்று எதுவும் கிடையாது. இடக்கையால் கூட்டினாள், இடக்கையால் சமைத்தாள். தையலை இடக்கையாலேயே சமாளித்தாள். துணியை முழம் போட மட்டும் அவளால் முடியவில்லை.

"நீ அளடி" என்றாள்.

நான் முழங்கையை ஊன்றி, நடுவிரலை நீட்டி, துணியை அளந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தெட்டு வந்ததும் அம்மா கத்திரித்தாள். பூக்காரி பூ அளப்பது அப்படித்தான், வேட்டிக்காரர் துணி அளப்பதும் அப்படித்தான். முழம் என்றால் கை. எனக்கும் கை இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மற்ற வீடுகளிலும் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள், அவரவர் கையால்.

திரைகளைச் சேர்க்கும் நாள் வந்தது. ஞாயிறு மதியம், வெயில். அப்பா தன் முழத்துக்கு, வேதம் சொன்ன பத்து முழ உயரத்தில் தூண்களைச் செய்து, அடியில் கட்டைக்குள் இறங்கும் கழுந்து வெட்டி, சிமெண்டுக் கட்டைகளைத் தரையில் பதித்து வைத்திருந்தார். தூண்கள் நிமிர்த்தக் காத்துக்கொண்டு கட்டைமேல் படுத்திருந்தன. திரைகளை மாட்டப் பொன் கொக்கிகள் வேண்டும் என்று வேதம் சொன்னது; பால் கோப்பையை மரத்தில் கட்டும் கம்பியை வளைத்து வைத்திருந்தார். பெண்கள் பத்துத் திரைகளையும் புல்லில் பக்கம் பக்கமாக விரித்தார்கள்.

விரித்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார்கள்.

பத்தும் பத்து நீளம். படிக்கட்டுப் போலக் கிடந்தது. மண்டோர் சம்சாரம் உயரமான பெண். அவர் திரை எல்லாவற்றையும் தாண்டிப் புல்லுக்கு அப்பால் மண்ணில் கிடந்தது. எங்களுடையதுதான் எல்லாவற்றிலும் குட்டை.

"தச்சர் வீட்டுத் துணியைப் பாருங்கடி" என்று ஒரு குரல். "மத்தவங்களுக்குத் திரை, அவங்களுக்குத் துண்டு."

"யாருடி அளந்தது?"

"பாப்பா அளந்துச்சு" என்றாள் அம்மா.

பெரிய சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. பிறகு சிரிப்பு நின்று சண்டை வந்தது. மண்டோர் சம்சாரம் தன் முழம்தான் முழம் என்றார். சின்னக் கையை வைத்துக்கொண்டு யாராவது துணி அளப்பார்களா என்றார். குட்டையாகத் தைத்தவர்கள் நீளக் கைப் பூக்காரியாகப் பார்த்துப் பூ வாங்குகிற மாதிரி தேவனிடத்திலும் பேரம் பேசுகிறீர்களா என்றார்கள். கிராணியம்மா குறுக்கே வந்து, "ஏன் சத்தம் போடுறியள்? கட்டையான துணியளில ஒரு துண்டு வைச்சுத் தைச்சா முடிஞ்சுதே" என்றார்.

"எந்தத் துண்டை வச்சு? ஊர்ல துணி மிச்சம் இருக்காங்க? என் சீலையைத்தான் அவுத்துக் குடுக்கணும்."

"ரெண்டு வாரத்துல போதகர் ஐயர் வாரார். சுசாதான், கஷ்டம்தான்" என்றார் மண்டோர். பிறகு அப்பாவிடம் திரும்பி, "எல்லாரும் ஒவ்வொரு அளவுல செய்வாங்கன்னு உனக்கே தெரியாதா தச்சண்ணே? மேஸ்திரி நீதான?" என்றார்.

அப்பா முதலிலேயே அடிக்கோலால் அளக்கலாம் என்று சொன்னவர். முழம் என்று எழுதியிருக்கிறது, முழத்தால்தான் அளக்க வேண்டும் என்று உபதேசியார் மறுத்திருந்தார். இப்போது அப்பா அதைச் சொல்லிக் காட்டலாம். சொன்னால் அவர் பக்கம் முழுக்க நியாயம் இருக்கும். கிராணி கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா குனிந்து ஆயுதப் பெட்டியை எடுத்தார்.

அம்மாவின் இடக்கை என் தோளைப் பிடித்தது. பெட்டியைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். அடுத்ததாக அவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். மறுநாள் நாங்கள் சட்டி கட்டுவோம்.

"உபதேசியாரே" என்றார் அப்பா. "அந்த முழம் யார் கை முழம்? மோசே கையா, அந்தப் பெசலெயேல் கையா?"

உபதேசியார் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார். "யார் கைன்னு எழுதல. எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் திரைகளைப் பார்த்தார். பிறகு, "பெரிசை வெட்டலாம். சின்னதை இழுக்க முடியுமா?" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. பெட்டியோடு நடந்து எங்களிடம்தான் வந்தார்.

"கையை நீட்டு."

ஒரு நீளமான மரச் சட்டத்தை என் முழங்கைக்கு அடியில் வைத்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"நகத்தோடயாப்பா?"

"விரல் முடியற எடம்."

கோடு போட்டார். சட்டத்தை அந்த அளவில் அறுத்தார். அதைக் கொண்டுபோய் முதல் வாசல் தூணின் கழுந்துக்கு மேலே வைத்து அளந்துகொண்டே வந்தார். பத்தாவது முழம் பூவுக்கு வெகு கீழே வந்து நின்றது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார்.

மண்டோர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "பூவை மட்டும் தனியா அறுத்து, மறுபடி மேல வச்சு ஒட்டிக்கலாம்லா."

"அதை யாரும் கேக்கல" என்றார் அப்பா.

ரம்பத்தை வைத்தார். கறுத்த மரம், சுலபமாக விடாது. ரம்பம் முதலில் கத்தியது, பிறகு முனகியது. வெளிர் சிவப்புத் தூள் அவர் பாதத்தில் விழுந்தது. பூவோடு அந்தத் துண்டு புல்லில் சாய்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அடுத்த தூணுக்குப் போனார். கிராணி தொப்பியைக் கழற்றியிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் சாமி கும்பிட்டிருக்கிறேன், தீ மிதி பார்த்திருக்கிறேன், பின்னால் பெரிய பெரிய ஊழியக்காரர்கள் கையை உயர்த்திக் கத்தியதையும் கேட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் புல்லரித்து நின்றது அன்று மட்டும்தான். ஒரு மனிதர் தான் செய்ததில் மிக அழகானதைத் தன் கையால் அறுத்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், கவனமாக, கோடு தவறாமல். அவ்வளவு புத்தி எதற்கு என்று கேட்டவர் அவர்தான். அந்தக் கோட்டிலேயே ரம்பத்தை நிறுத்த எவ்வளவு புத்தி வேண்டும் என்று அன்று பார்த்தேன்.

மூன்றாவது பூ விழுந்தபோது மண்டோர் சம்சாரம் மூக்கை உறிஞ்சினார்.

"அந்தக் கத்திரிக்கோலை எடுங்கடி. மரத்தையே வெட்டறாரு. நமக்குத் துணிக்கு என்ன?"

அவர் தன் திரையின் ஓரத்தில் ஒரு கேருபீன் தைத்திருந்தார். தேவதூதன் என்று சொன்னார். பார்த்தால் வாத்து போலிருக்கும். என் முழம் அதன் சிறகின் நடுவில் வந்து முடிந்தது. அவர் வெட்டினார். "போடா, ஒத்தச் செறகோட பற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதுகொண்டே. அந்தச் சட்டம் கைக்குக் கை மாறிப் பத்துத் திரைக்கும் போய் வந்தது. ஆண்கள் பாராங்குக் கத்தியும் மண்வெட்டியும் எடுத்து, பதித்த கட்டைகளைத் தோண்டி, கிட்டக் கிட்ட வைத்துப் பதித்தார்கள். வெயில் சாய்வதற்குள் கம்பிக் கொக்கிகளை மாட்டினார்கள். பத்தும் ஒன்றாகப் பொருந்தின.

பண்டிகை காலையில் போதகர் ஈப்போவிலிருந்து சின்னக் காரில் வந்தார். இறங்கி, கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது?" என்று உபதேசியாரைக் கேட்டார்.

"அளவு சரியாத்தான் இருக்கு ஐயா. கைதான் சின்னது."

போதகர் செருப்பைக் கழற்றினார்.

நானும் பின்னால் உள்ளே நுழைந்தேன். வெளியே வெள்ளை வெயில். உள்ளே நீலம், மங்குஸ்தான் கறுஞ்சிவப்பு, மறுபடி நீலம். துணி கஞ்சி வாசமும் ரப்பர் பால் வாசமும் அடித்தது. காற்று வரும்போது பத்துத் திரையும் சேர்ந்து உள்ளே வந்து வெளியே போயின, தூங்குகிற குழந்தையின் வயிறு போல. யாரும் கவனிக்காதபோது நான் திரை ஓரத்தில் உட்கார்ந்து அகலத்தை அளந்து பார்த்தேன். நாலு முழம். சரியாக நாலு. வாரக்கணக்காகக் காதில் விழுந்துகொண்டிருந்த அத்தனை எண்களும் என் உடம்பில் வந்து உட்கார்ந்தன. சுற்றி நின்ற பெரியவர்களுக்கு அது குறுகலான கூடாரம். இடித்துக்கொண்டு நின்றார்கள், பாதிப் பேர் வெளியே நின்று பாடினார்கள். எனக்கு அது வேதத்தில் சொன்ன அளவுக்கு ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேவன் இறங்கி வந்து தங்குகிற வீட்டை என் கையால் அளந்திருக்கிறார்கள். அப்பம் எனக்குக் கிடையாது, சிறு பிள்ளை. ஆனாலும் என் கையை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முழங்காலில் நின்று அப்பம் வாங்கினார். கிராணி அவருக்குப் பக்கத்தில்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலம் வந்து அத்தாப்பு ஒழுகி, துணியில் கரும்புள்ளி பூத்தது. திரைகளைப் பிரித்துத் தொட்டிலுக்கும் பாவாடைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அறுத்துப் போட்ட பூக்களைப் பிள்ளைகள் வைத்து விளையாடி, கடைசியாக எந்த அடுப்பில் போனதோ தெரியாது. அந்தச் சட்டமும் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு காய்கறி லோரியில் அந்த வழியாகப் போனேன். ரப்பர் இல்லை, லயம் இல்லை. எண்ணெய்ப் பனை வரிசையாக நின்றது. இறங்கவில்லை, லோரிக்காரனுக்கு அவசரம்.

கீழ்ப்படிதலைப் பற்றிப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தலையைக் குனி, கேள்வி கேட்காதே என்பார்கள். அப்பா கேள்வி கேட்டார். பதில் வந்தபின் ரம்பத்தை எடுத்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் அவர் மகள். வாழ்க்கையில் பாதி இடத்தை வாயால் இழந்தவள். ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. ஆச்சரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பண்டிகைக்கு மறுநாள் மதியம். அம்மா அடுப்படியில் நின்று, உப்புச் சாடியையும் மிளகாய்ப் பொடி டப்பாவையும் தரையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இந்தச் சுவத்துல ஒரு தட்டு அடிச்சுக் குடுங்க."

தச்சர் வீடு என்றுதான் பேர். நாங்கள் இருந்த எந்த வீட்டிலும் சுவரில் ஒரு தட்டு இருந்ததில்லை. கழற்றி எடுத்துப் போக வேண்டிய எதையும் அவள் கேட்டதே இல்லை.

அப்பா பலகையும் ஆணியும் கொண்டுவந்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவர் கண்ணாலேயே அளந்து, தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் அடித்துவிடுவார், அதுதான் வழக்கம். அவர் திரும்பினார்.

"எவ்வளவு உசரத்துல வேணும்?" என்று கேட்டார்.

அம்மா சாடியையும் டப்பாவையும் கீழே வைத்தாள். அவளை அப்படி ஒருவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பிறகு கையை உயர்த்திச் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டாள். அந்த இடத்தில் அடித்தால் ஜன்னல் கதவு முழுதாகத் திறக்காது. எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவள் விரல் இருந்த இடத்தில் கோடு போட்டார்.